காந்தத்துக்குள் ஒரு காந்தத்தைத் தேடுதல்



நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். நிக்கல் நுண்துகள்களைத் தயாரித்து, மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்பு வலையில் இட்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தேன். வெற்றிடம் வந்தது, லென்ஸுக்கு மின்னோட்டம் ஏறியது, திரையைப் பார்த்தேன். வலை இருந்தது, துகள்கள் பாதிக்கு மேல் காணவில்லை. பிம்பமும் ஒரு பக்கமாக இழுபட்டு நின்றது. அந்தக் கருவியைப் பராமரித்து வந்த மூத்த தொழில்நுட்பர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது நுண்ணோக்கி மட்டுமில்ல, பெரிய காந்தம். உன் பொடியெல்லாம் லென்ஸ்ல போய் ஒட்டிக்கிச்சு" என்றார். கருவியைப் பிரித்துத் துடைத்து மீண்டும் சரிசெய்ய அவருக்கு நான்கு நாள் ஆயிற்று. காந்தப் பொருளை நுண்ணோக்கியில் வைக்கக் கூடாது என்று அன்றிலிருந்து நானும் என் மாணவர்களிடம் சொல்லி வந்தேன். இன்று உலகின் மூன்று ஆய்வகங்களில் அந்த விதி எப்படித் தளர்ந்தது என்பதுதான் இந்த உரையின் பொருள்.

எலக்ட்ரானுக்கு நிறை உண்டு, மின்சுமை உண்டு. இவற்றோடு ஸ்பின் என்று ஒன்றும் உண்டு. நம் பாடநூல்கள் தற்சுழற்சி என்கின்றன. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு சின்ன உருண்டை சுழல்வதாக மனம் படம் போட்டுவிடுகிறது. 1925இல் லைடன் நகரில் ஊலன்பெக், கௌட்ஸ்மித் என்ற இரு இளைஞர்கள் இந்தக் கருத்தை முன்வைத்தபோது அவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. உருண்டை உண்மையிலேயே சுழல்வதாக வைத்துக் கணக்கிட்டால் அதன் விளிம்பு ஒளியை விட வேகமாக ஓட வேண்டிவரும். ஆகவே படத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு மிகச் சிறிய திசைகாட்டி முள் போல நடந்துகொள்கிறது. எந்தத் திசையில் வைத்து அளந்தாலும் இரண்டே விடைதான் வரும்: மேலே, அல்லது கீழே. 1922இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸ்டெர்ன், கெர்லாக் இருவரும் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே அனுப்பியபோது கற்றை இரண்டாகப் பிரிந்ததே, அது இந்த முள்ளின் வேலைதான் என்று பிறகு புரிந்தது.

இரும்பு காந்தமாவதும், கணினியின் வன்தட்டு எழுத்தை நினைவில் வைப்பதும் இந்த முட்களால்தான். மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது பதில் சொல்வது நம் உடல் நீரிலுள்ள புரோட்டான்களின் ஸ்பின்கள். ஆனால் இவையெல்லாம் கூட்டத்தின் குரல். கோடிக்கணக்கான ஸ்பின்கள் ஒன்றுசேர்ந்து சொல்வதைத்தான் கேட்கிறோம். எந்த அணுவின் ஸ்பின் எந்தப் பக்கம் பார்க்கிறது, ஒரு படிகத்தின் விளிம்பில் அது திரும்பிக்கொள்கிறதா என்று கேட்டால் அந்தக் கருவிகளிடம் பதில் கிடையாது.

இந்த இடத்தில் ஒருவரை நினைக்காமல் என்னால் மேலே போக முடியாது. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவின் கதையில் அவர் பெயர் துணைப்பெயராக வந்து போய்விடுகிறது. 1930களின் தொடக்கத்தில் டாக்காவில் அவர் செய்த வேலை வேறு. ஒரு சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, சீரான காந்தப்புலத்தில் தொங்கவிடுவார். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே போனால், படிகம் காந்தத்தின் பிடியில் நின்றுகொண்டே இருக்கும். ஒரு குறிப்பிட்ட கோணம் வந்ததும் சட்டென்று திரும்பிவிடும். அந்தக் கோணத்திலிருந்து, படிகம் எந்தத் திசையில் எவ்வளவு எளிதாகக் காந்தமாகிறது என்று கணக்கிட்டார். ஒரு நூலும் ஒரு காந்தமும் ஒரு கோணமானியும் வைத்துக்கொண்டு அணுக்களின் அடுக்கைப் படித்த அந்த எளிமையை நான் இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன். அவர் அளந்ததும் முழுப் படிகத்தின் கூட்டுக்குரல்தான். தனிக்குரலைக் கேட்கும் கருவி அன்று இல்லை.

அந்தக் கருவியாக வரக்கூடியது அதே ஆண்டுகளில் பெர்லினில் பிறந்துகொண்டிருந்தது. காந்தச் சுருள் எலக்ட்ரான்களுக்கு லென்ஸ் போலச் செயல்படும் என்று ஹான்ஸ் புஷ் 1926இல் காட்டினார். அதை வைத்து 1931இல் நோல், ருஸ்கா இருவரும் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினார்கள். ருஸ்காவுக்கு நோபல் பரிசு வர மேலும் 55 ஆண்டுகள் ஆயின. இரண்டு லட்சம் வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் சுமார் 70 சதவீதத்தில் பாய்கிறது. அதன் அலைநீளம் 2.5 பிகோமீட்டர், ஓர் அணுவின் விட்டத்தில் நூறில் ஒரு பங்கு அளவு. அணுவைப் பார்க்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

தடை லென்ஸிலேயே இருந்தது. எலக்ட்ரானைக் கூர்மையாகக் குவிக்க வேண்டுமானால் வலுவான காந்தப்புலம் வேண்டும், பொருள் அந்தப் புலத்துக்கு நட்ட நடுவே உட்கார வேண்டும். அங்கே புலம் சுமார் 2 டெஸ்லா. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் 1.5 டெஸ்லா; அதற்கே காதில் கழுத்தில் கிடப்பதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். ஒரு பொருளில் ஸ்பின்கள் இயல்பாக எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்க்க வந்தவன், அதை 2 டெஸ்லாவில் வைத்தால் என்ன பார்ப்பான்? மென்மையான காந்தப் பொருளாக இருந்தால் எல்லா முட்களும் லென்ஸ் சொன்ன திசையில் திரும்பி நிற்கும். லென்ஸின் கட்டளையைத்தான் பார்ப்பான்.

இன்னொரு தடையும் உண்டு. ஐம்பது நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் 1 டெஸ்லா அளவுக்குக் காந்தம் இருந்தால், கடந்து செல்லும் எலக்ட்ரானின் பாதை 30 மைக்ரோரேடியன் திரும்பும். நூறு மீட்டர் போனபிறகு மூன்று மில்லிமீட்டர் விலகல். படிக அடுக்குகளின் சிதறலோ இதைப்போல் பல நூறு மடங்கு பெரியது. சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் காதோடு பேசுவதைக் கேட்கும் வேலை இது.

முதல் வழி எளியது: முதன்மை லென்ஸை அணைத்துவிட்டு, தொலைவிலுள்ள வலுக்குறைந்த லென்ஸ்களால் பார்ப்பது. லாரன்ட்ஸ் முறை என்று பெயர். கூர்மை போய்விடும், ஆனால் காந்தம் தன் இயல்பில் இருக்கும். ஜப்பானில் டோக்குராவின் குழு 2010இல் இந்த முறையில்தான் இரும்பு, கோபால்ட், சிலிக்கான் கலந்த படிகத்தில் ஸ்கிர்மியான்களை நேரில் கண்டது. ஸ்பின்கள் சுழி போல் சுற்றி அமைந்த சிறு வட்டங்கள், ஒன்றிலிருந்து ஒன்று சுமார் 90 நானோமீட்டர் தள்ளி, தேனடை போல வரிசையாக நின்றன. அதற்கு முன்பே, 1986இல், ஹிட்டாச்சி ஆய்வகத்தில் அகிரா டொனோமுரா எலக்ட்ரான் ஹாலோகிராஃபியைக் கொண்டு ஒரு பெரிய வாதத்தை முடித்து வைத்தார். மோதிர வடிவக் காந்தத்தை மீகடத்தியால் மூடி, புலம் ஒரு துளியும் வெளியே கசியாமல் செய்தார்; அப்படியும் மோதிரத்தின் உள்ளே போன எலக்ட்ரான் அலைக்கும் வெளியே போன அலைக்கும் கட்ட வேறுபாடு இருந்தது. புலம் தொடாத இடத்திலும் எலக்ட்ரான் அலையின் கட்டம் மாறும் என்று அஹரனோவும் போமும் 1959இல் சொன்னது சரியென்று ஆயிற்று. அந்தச் சோதனையைப் பற்றி மட்டுமே ஒரு தனி உரை நிகழ்த்தலாம். இன்று கடந்து போகிறேன்.

அணு அளவில் கூர்மையும் வேண்டும், பொருளின் மீது காந்தப்புலமும் இருக்கக் கூடாது. இரண்டையும் ஒருசேரக் கேட்பது பேராசை என்றுதான் நானும் நினைத்தேன். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் நவோயா ஷிபாட்டாவின் குழு அதைச் செய்து காட்டியது. பொருளுக்கு மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். இரண்டும் வலுவானவை, ஆனால் அவற்றின் புலங்கள் எதிரெதிர் திசையில். பொருள் இருக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். 2019இல் வெளியான அவர்கள் கட்டுரையின்படி அங்கே எஞ்சிய புலம் 0.2 மில்லிடெஸ்லாவுக்கும் குறைவு. பூமியின் புலத்தைப் போல் சில மடங்குதான். லென்ஸ்களின் பிறவிக் குறையான கோளப் பிறழ்ச்சியைத் திருத்தும் கருவியையும் சேர்த்து, ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியதைப் பிரித்துப் பார்த்தார்கள்.

மூன்று ஆண்டு கழித்து, 2022இல், அதே கருவியில் ஹேமடைட்டை வைத்தார்கள். ஹேமடைட் என்றால் வேற்றுப்பொருளாகத் தோன்றலாம். காவிக்கல்லுக்குச் செந்நிறம் தருவது இதுதான். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். இதன் படிகத்தில் ஓர் அடுக்கிலுள்ள இரும்பு அணுக்களின் ஸ்பின்கள் ஒரு பக்கம் பார்த்தால் அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும். கூட்டினால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதை எதிர்ஃபெர்ரோ காந்தம் என்கிறோம். உள்ளே ஒவ்வொரு அணுவும் காந்தம். வெளியே முள் அசையாது. இப்படி ஒன்று உண்டென்று கண்டுபிடித்த லூயி நீல் 1970இல் நோபல் உரையில், இவை கோட்பாட்டளவில் சுவையானவை, பயன் எதுவும் தெரியவில்லை என்ற கருத்தைச் சொன்னார். இன்று வெளிக்காந்தத்தால் கலையாத, மிக வேகமான நினைவகங்களை இவற்றால் உருவாக்க முயல்கிறார்கள்.

டோக்கியோவில் செய்தது இது. ஊசிமுனைக் கற்றையை அணு அணுவாக நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலும் கற்றை எந்தப் பக்கம் எவ்வளவு விலகுகிறது என்று பதிவு செய்தார்கள். அந்த விலகலில் பெரும்பகுதி அணுக்கருவின் மின்புலத்தால் வருவது. காந்தத்தின் பங்கு அதனடியில் புதைந்து கிடக்கும் மிகச் சிறிய எச்சம். மின்புலத்தின் பங்கைக் கழித்து, படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரே அலகின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தார்கள். அடுக்குக்கு அடுக்கு திசை மாறும் காந்தப்புலம் வரைபடமாக வந்தது. அந்தக் கட்டுரையின் படத்தை முதன்முதலில் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பாடநூலில் நாம் அம்புக்குறி போட்டு வரைந்ததை அங்கே ஒருவர் அளந்து வைத்திருந்தார்.

இங்கிலாந்தின் டேர்ஸ்பரியில் உள்ள சூப்பர்ஸ்டெம் ஆய்வகம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. வரிசையாக நிற்கும் ஸ்பின்களில் ஒன்றைத் தட்டினால் அந்த அசைவு நெல்வயலில் காற்று போவது போல வரிசை நெடுகப் பரவும். அதற்கு மேக்னான் என்று பெயர். கடந்து போகும் எலக்ட்ரான் மேக்னானைக் கிளப்பிவிட்டால் தன் ஆற்றலில் சிறு துளியை இழக்கும். நிக்கல் ஆக்சைடு நானோ படிகத்தில் அந்தத் துளி சுமார் 100 மில்லி எலக்ட்ரான்வோல்ட். கற்றையின் ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில் வரும். டெமி கெபாப்ட்சோக்லூவும் உடனாய்வாளர்களும் 2025இல் அதைப் பிரித்துக் காட்டினார்கள். அணுக்களின் சாதாரண அதிர்வு எழுப்பும் ஓசை மேக்னானை விடப் பல மடங்கு பெரிது என்பதை மனத்தில் வைத்தால் அந்தப் பொறுமை விளங்கும்.

இனி நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்பும் இடம், வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காந்தத்தைப் பார்ப்பதில் அந்த ஊருக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. பீட்டர் ஷாட்ஷ்னைடர் 2006இல் அங்கே ஒரு வழி திறந்தார். இப்போது பிலிப் ஹாஸ்லிங்கரின் குழு கேட்பது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. டோக்கியோ அந்த 2 டெஸ்லாவைத் துரத்தியது. அதைத் துரத்தாமல் வேலை வாங்கினால் என்ன?

பம்பரம் வேகம் தளரும்போது தலையைச் சாய்த்து வட்டமிடுமே, காந்தப்புலத்தில் வைத்த ஸ்பின்னும் அப்படி வட்டமிடும். 1 டெஸ்லா புலத்தில் எலக்ட்ரானின் ஸ்பின் ஒரு வினாடிக்கு 2800 கோடி முறை வட்டமிடுகிறது. அதே தாளத்தில் நுண்ணலையை அனுப்பினால் ஸ்பின் அதை ஏற்றுக்கொண்டு சாயும்; தாளம் சற்றே தவறினால் ஏறெடுத்தும் பார்க்காது. இதுதான் எலக்ட்ரான் ஸ்பின் ஒத்ததிர்வு. 1944இல் கசானில் ஜவோய்ஸ்கி கண்டது. அணுவின் அக்கம்பக்கம் மாறினால் தாளம் நூலிழை மாறும். ஆகவே வேதியியலாருக்கு இது அருமையான கருவி. புரதத்துக்குள் இருக்கும் தாமிர அயனியையும் கதிர்வீச்சில் உண்டான தனி ராடிக்கலையும் அடையாளம் காட்டிவிடும். இதற்கு வேண்டியவை இரண்டே: வலுவான, சீரான, கூட்டிக் குறைக்கக்கூடிய காந்தப்புலம், கொஞ்சம் நுண்ணலை. முதலாவது நுண்ணோக்கியின் லென்ஸில் முன்பே இருக்கிறது. மின்னோட்டத்தைத் திருகினால் புலம் கூடும், குறையும். என் நிக்கல் பொடியைப் பறித்துக்கொண்டதும் அதே புலம்தான்.

இரண்டாவதை அவர்கள் பொருள்தாங்கியின் நுனியிலேயே வைத்தார்கள். நுண்ணோக்கிக்குள் செருகும் அந்தக் கம்பியின் முனையில் ஒரு சிறு நுண்ணலை ஒத்ததிர்வி. அதன்மேல் பி.டி.பி.ஏ. என்ற, இணைசேராத எலக்ட்ரான்கள் கொண்ட கரிமப் பொருளின் சிறு துணுக்கு. நுண்ணலையால் ஸ்பின்களை ஒரே தாளத்தில் வட்டமிட வைத்து, பக்கத்தில் எலக்ட்ரான் கற்றையை ஓடவிட்டார்கள். ஸ்பின்களின் புலம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்பக் கற்றை மிக நுண்ணிய அளவில் விலகும்.

இதில் ஒரு கால விகிதம் உண்டு. எலக்ட்ரான் ஒரு மைக்ரோமீட்டரைக் கடக்க எடுக்கும் நேரம் 5 ஃபெம்டோ வினாடி. 1 டெஸ்லாவில் ஸ்பின் ஒரு வட்டத்துக்கு எடுப்பது சுமார் 36 பிகோ வினாடி, அதாவது ஏழாயிரம் மடங்குக்கு மேல். கடந்து போகும் எலக்ட்ரானுக்கு ஸ்பின் அசையாமல் நிற்பதாகத்தான் தோன்றும். ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு நிழற்படம். நுண்ணலையின் கட்டத்தோடு சேர்த்து அந்தப் படங்களை வரிசைப்படுத்தினால் பம்பரம் வட்டமிடுவது தெரியும்.

வியன்னாவில் இதுவரை கேட்டதும் மிகப்பல ஸ்பின்கள் ஒன்றாகச் சொன்னதைத்தான். தனி ஸ்பின்னைக் கேட்டவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள். 2015இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில், மக்னீசியம் ஆக்சைடு பரப்பில் அமர்ந்த ஒற்றை இரும்பு அணுவின் ஒத்ததிர்வை வருடும் ஊடுருவல் நுண்ணோக்கியின் (எஸ்.டி.எம்.) ஊசிமுனையால் அளந்தார்கள். வைரத்திலுள்ள நைட்ரஜன் குறைகளும் தனி ஸ்பின்னை உணரும். ஆனால் ஊசி பரப்பைத்தான் பார்க்கும். வைரமும் தன் அருகில் வந்ததைத்தான் அறியும். பொருளை ஊடுருவி, அணுக்களின் இருப்பிடத்தையும் ஸ்பின்னையும் ஒரே பார்வையில் காட்டும் வாய்ப்பு எலக்ட்ரான் கற்றைக்குத்தான் உண்டு என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இந்தப் பாதையின் கடினத்தையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

கரும்பலகைக்கு வருவோம். ஒற்றை எலக்ட்ரான் ஸ்பின்னிலிருந்து ஒரு நானோமீட்டர் தள்ளி, இரண்டு லட்சம் வோல்ட் எலக்ட்ரான் ஒன்று போகட்டும். அதன் விலகல் சுமார் ஒரு நானோரேடியன். சென்னையிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். இங்கிருந்து கிளம்பிய எலக்ட்ரான் அங்கே போய்ச் சேரும்போது ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கும். கற்றையை ஒரு நானோமீட்டருக்குக் குவித்தால், குவாண்டம் விதியின்படி அது இரண்டரை மில்லிரேடியன் விரிந்தே தீரும். விரிவு விலகலைப் போல் 25 லட்சம் மடங்கு. இதைச் சராசரியால் வெல்ல, 25 லட்சத்தின் வர்க்கம், ஏறத்தாழ 6 லட்சம் கோடி எலக்ட்ரான்கள் வேண்டும். ஒரு நானோ ஆம்பியர் கற்றையில் ஆயிரம் வினாடி, பதினேழு நிமிடம். அப்போதும் குறியும் ஓசையும் சரிசமமாகத்தான் நிற்கும்.

பதினேழு நிமிடம் பெரிதில்லை. பொருள் தாங்குமா என்பதுதான் கவலை. ஒரு கரிம மூலக்கூறு, சதுர நானோமீட்டருக்குச் சில ஆயிரம் எலக்ட்ரான்கள் பாய்ந்தாலே சிதையத் தொடங்கும்; சிதையும்போது புதிய ராடிக்கல்கள் உண்டாகும், அவற்றுக்கும் ஸ்பின் உண்டு. நாம் பார்ப்பது பொருளின் ஸ்பின்னா, நாமே உண்டாக்கியதா என்ற ஐயம் வரும். ஆகவே கற்றையைப் பொருளின் ஊடே விடாமல் விளிம்புக்கு வெளியே, தொடாமல் ஓடவிட வேண்டும்; காந்தப்புலம் வெளியேயும் நீள்வதால் அது முடியும். மூலக்கூறுகளின் அதிர்வை அளப்பவர்கள் இந்தத் தொடாத முறையை ஏற்கெனவே கையாண்டு சேதத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் தள்ளிப் போகப் போக விலகல் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். பத்து நானோமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அங்கே கற்றையை அவ்வளவு குவிக்க வேண்டியதில்லை என்பதால் விரிவும் குறையும், பத்தில் ஒரு பங்காக. அப்படியானால் எத்தனை எலக்ட்ரான்கள், எத்தனை மணி நேரம்?

அந்தக் கணக்கை நான் இங்கே போடப் போவதில்லை. எண்கள் எல்லாம் பலகையில் இருக்கின்றன. முதுகலை மாணவர்கள் தேநீருக்குப் போவதற்குள் போட்டுவிடலாம். நான் எங்காவது தவறியிருந்தால் வந்து சொல்லுங்கள், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.